பார்க்கப்போவது யார்?

மதுரையில் சொந்தமாகக் கேமரா வைத்துப் பிழைக்கிறவனிடம், "நீங்க எந்த மாதிரி போட்டோ எடுப்பீங்க?" என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வராது. மாதத்தைச் சொன்னால் சொல்லிவிடலாம். தையில் வாடிவாசல். மாசியில் குலசாமி கோயில் காதுகுத்து. சித்திரையில் அழகர். வைகாசியிலும் ஆவணியிலும் கல்யாணம். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் சுங்குடிச் சேலை, ஓட்டல் மெனு, பள்ளிக்கூட குரூப் போட்டோ, வக்கீல் அழைக்கும் இடத்தகராறு. இவற்றுக்கு நடுவே நாள் கிழமை பார்க்காமல் வரும் துக்க வீட்டு வேலை. சென்னையில் சாப்பாட்டுக்கு ஒருவர், நகைக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பை, ஒரே உடம்பு.

இப்படி நாளொரு வேலையாக அலைந்தால் எதிலும் கை தேறாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த வேலைக்குப் போனாலும் கேமராவை வெளியே எடுக்கும் முன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்தப் படத்தைப் பார்க்கப்போவது யார், அவர் இதில் எதைத் தேடுவார்? ஷட்டர் வேகம், லென்ஸ், நிற்கிற இடம் எல்லாம் அந்தப் பதிலுக்குப் பிறகுதான் முடிவாகும். பதில் தெரியாமல் எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கொடுத்த இடத்தில் நிற்காது.

ஜல்லிக்கட்டில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும். பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, காணும் பொங்கலன்று அலங்காநல்லூர். 2014-இல் தடை வந்து, 2017 போராட்டத்துக்குப் பிறகு சட்டம் திருத்தப்பட்டு, 2023-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று சொன்ன பிறகு, வெளியூர் கேமராக்களும் குவிகின்றன. எல்லாரும் ஒரே தடுப்புக் கம்பிக்குப் பின்னால்தான் நிற்கிறோம். பத்திரிகைக்கு எடுப்பவருக்கு வேண்டியது வீரன். திமிலைக் கட்டிப்பிடித்துத் தொங்குகிற உடம்பு, பல்லைக் கடித்த முகம், பின்னால் அலறும் கூட்டம். என்னை அழைத்துவந்தவர் மாட்டுக்காரர். அவருக்கு அந்தப் படம் அவமானம். பிடிபட்ட மாட்டை யாராவது பிளெக்ஸில் போடுவார்களா?

அவருக்கு வேண்டியது வாடிவாசலை விட்டு வெளியே வந்த முதல் பாய்ச்சல். திமிலில் ஒரு கையும் படக்கூடாது. நான்கு காலும் தரையில் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு நான் வீரர்களைப் பார்க்கவே கூடாது. வாசலுக்குள் மூக்கணாங்கயிற்றை அறுக்கிற கை, உள்ளே இருட்டில் அசைகிற கொம்பு, இந்த இரண்டிலும்தான் கண். ஷட்டர் நொடியில் 2000-இல் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது. போகஸை வாசல் நிலைக்கு ஒரு முழம் முன்னால், தென்னை நார் பரப்பிய தரையில் முன்கூட்டியே பூட்டிவைத்துவிடுவேன். தானியங்கி போகஸை நம்பினால் குறுக்கே பாய்கிற மஞ்சள் பனியனைப் பிடித்துக்கொள்ளும். மாடு வெளியே வந்து கூட்டத்துக்குள் போவதற்குள் கிடைப்பது ஏழெட்டு ஃபிரேம். அதில் ஒன்று தேறும். "மாடு வெற்றி" என்று மைக்கில் சொல்லும்போது நான் அடுத்த மாட்டுக்காகப் போகஸைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே இடத்தில், ஒரே மாட்டை, ஒரே நொடியில் எடுத்தாலும் பத்திரிகைக்காரர் படமும் என் படமும் வேறு வேறுதான்.

மாசி பிறந்துவிட்டால் வேலை ஊருக்கு வெளியே போய்விடும். கண்மாய்க் கரை, ஆலமரத்தடி, அய்யனார், கருப்பசாமி. மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்து ஆசாரி காது குத்துவார். புதிதாகக் கேமரா பிடிக்கும் தம்பிகள் முதல் காதில் லென்ஸைச் சொருகிவிட்டு, ஊசி இறங்கியதும் கிடைத்துவிட்டது என்று நிமிர்ந்துவிடுவார்கள். விஷயம் இரண்டாவது காதில் இருக்கிறது. முதல் காது குத்தும்போது என்ன நடக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. வாயில் வாழைப்பழம் இருக்கும், கண் வேடிக்கை பார்க்கும். இரண்டாவது காதை ஆசாரி தொட்ட உடனேயே தெரிந்துவிடும். உதடு பிதுங்கி, கழுத்து விறைத்து, மாமன் சட்டையைக் கை பற்றும். மாமன் பிள்ளையின் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு தன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அம்மா அங்கேயே இருக்கமாட்டாள். இரண்டு பேருக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவளைத் தேடி எடுக்க இன்னொருவர் வேண்டும்.

ஆனால் இந்த விழாவின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கப்போவது அம்மா அல்ல, தாய்மாமன் வீட்டார். வேன் பிடித்து, மேளம் வைத்து, வெடி வெடித்து, வரிசையாகத் தட்டு எடுத்துவந்த குடும்பம் அது. எங்கள் பக்கம் செய்முறை என்பது நோட்டில் எழுதிவைக்கப்படுகிற கணக்கு; நாளைக்குத் திரும்பச் செய்யவேண்டியது. ஆகவே சீர்த்தட்டு ஒவ்வொன்றும், அதைத் தூக்கிவந்த பெண்ணின் முகத்தோடு பதிவாக வேண்டும். கலை ரசனை உள்ள எடிட்டர் ஒருவர், "எதுக்கண்ணே இவ்வளவு தட்டு? நாலு ஷாட் போதுமே, போரடிக்குது" என்றார். அவருக்குப் போரடிக்கும்தான். அந்த நாலு ஷாட்டில் இல்லாத அத்தை, அடுத்த விசேஷத்தில் என்னைப் பார்த்துக் கேட்பாள்: "என்னப்பா, எங்க தட்டு மட்டும் உன் கண்ணுக்குத் தெரியலையா?" தனியாக மூன்று நிமிட ஹைலைட்ஸ் போட்டுக் கொடுக்கிறேன், வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கு. முழு வீடியோவில் தட்டைக் குறைப்பதில்லை.

சித்திரைத் திருவிழாவை உலகமே எடுக்கிறது. அழகர்கோயிலிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் வழிநெடுக மண்டகப்படி கண்டபடி வந்து, சித்ரா பௌர்ணமி விடியலில் தங்கக் குதிரையில் அழகர் வைகையில் இறங்குகிற காட்சி. என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்று லட்சக்கணக்கான கண்கள் பார்க்கும். பச்சை என்றால் அந்த வருஷம் செழிக்கும் என்பது நம்பிக்கை. அந்தப் பொதுப்படத்தை எடுக்க என்னை யாரும் கூலிக்கு அழைப்பதில்லை. அழைப்பது மண்டகப்படிக்காரர்கள். தலைமுறையாக அந்த இடத்தில் பந்தல் போட்டுச் சாமியை எதிர்கொள்கிற குடும்பம். சாமி அங்கே நிற்பது சில நிமிஷம். அதற்குள் தீபாராதனை, மாலை, குடும்பத்துப் பெரியவருக்குப் பரிவட்டம் கட்டுவது எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பரிவட்டம்தான் படம். அதில் சாமியும் பெரியவரும் ஒரே சட்டத்துக்குள் வரவேண்டும்; பின்னால் அவர் மகன், பேரன் நிற்கவேண்டும். இந்தப் படம் போன தலைமுறைப் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டப்படும். எனவே போவதற்கு முன்பே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பழைய படத்தைப் பார்த்துவிடுவேன். அவர் அப்பா எந்தப் பக்கம் நின்றார் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே தொழில்நுட்பம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. தீவட்டி, டியூப்லைட், போலீஸ் வேன் விளக்கு, விடியல் என்று நாலு வகை வெளிச்சம் கலந்து அடிக்கும். ரா (RAW) கோப்பாக எடுத்துவிட்டு நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுகிற பக்தர்கள் நடுவே நிற்பதால் பாலிதீன் உறை கட்டாயம். ட்ரோன் கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் எடையுள்ளதைத் தொழிலுக்குப் பறக்கவிட பைலட் சான்று வேண்டும். அதை வைத்திருந்தாலும் இந்தக் கூட்டத்தின் தலைக்கு மேலே போலீஸ் அனுமதி இல்லாமல் பறக்கவிடுவது முட்டாள்தனம். ஒரு இறக்கை கழன்றால் கீழே விழுவது யார் தலையில்?

கல்யாண வேலையைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. இப்போது ஒரு முகூர்த்தத்துக்கு ட்ரெடிஷனல் போட்டோ, ட்ரெடிஷனல் வீடியோ, கேண்டிட், சினிமாட்டிக் என்று நாலு பேர் போகிறோம். மேடையில் நாலு கேமராவும் நாற்பது செல்போனும். நான் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன்: தாலி கட்டுகிற நொடியைப் பிடிக்க வேண்டுமானால் மாப்பிள்ளையைப் பார்க்காதீர்கள், அய்யரின் கையைப் பாருங்கள். கெட்டிமேளத்துக்கு அவர் கையை உயர்த்துவார். தவில்காரர் அதைப் பார்த்துத்தான் அடியை மாற்றுவார். மேளச் சத்தம் காதுக்கு வந்தபிறகு கேமராவைத் தூக்கினால் மண்டபம் முழுக்க எழுந்து நின்றிருக்கும், அட்சதை லென்ஸுக்கு முன்னால் பறந்துகொண்டிருக்கும். கை உயரும்போதே நான் ஒரு காலை மடக்கி உட்கார்ந்துவிடுவேன். நின்றபடி எடுத்தால் மாப்பிள்ளையின் முழங்கை பெண்ணின் முகத்தை மறைக்கும். கீழிருந்து பார்த்தால் கைகளுக்கு நடுவே அவள் குனிந்த நெற்றி தெரியும். முதல் முடிச்சு போட்டதும் நாத்தனாரின் விரல்கள் பின்னாலிருந்து வரும். அந்தப் படத்தை மணமக்கள் கவனிக்கமாட்டார்கள். நாத்தனார் ஆயுசுக்கும் வைத்திருப்பாள்.

மண்டப வெளிச்சத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் பல எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஆகவே வீடியோ 25 ஃபிரேம், ஷட்டர் 50-இல் ஒரு பங்கு. இதை அமெரிக்க யூடியூப் பாடம் கேட்டு 60-இல் வைக்கிறவர்கள் வீட்டுக்கு வந்து பார்த்தால் திரை முழுக்கக் கோடு ஓடும். இப்போது மேடைப் பின்னணியில் எல்இடி சுவர் வேறு வந்துவிட்டது. அது தன் இஷ்டத்துக்கு வேறொரு வேகத்தில் மினுக்கும். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு ரிசப்ஷனிலேயே ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கோடு எந்த இடத்தில் அடங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது நல்லது.

ஆடி மாதம் ஆளைக் கூர்தீட்டுகிற மாதம். கூட்டமில்லை, மேளமில்லை, மேஜைமேல் ஒரு சேலை மட்டும். சுங்குடியை எடுப்பது எளிது என்று நினைத்தவர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். நூலால் ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, பிரித்தெடுக்கும்போது வருகிற புள்ளிகள் அவை. கையால் கட்டியது என்பதற்கு அடையாளமே, எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல் இராது என்பதுதான். முடிச்சு இருந்த இடத்தில் துணியும் லேசாகக் குமிழ்ந்திருக்கும். ஸ்கிரீன் அச்சில் வருகிற புள்ளிக்கு இந்தக் குமிழ் கிடையாது. இணையத்தில் வாங்குகிற அம்மா இந்த வித்தியாசத்துக்குத்தான் காசு கொடுக்கிறார். எனவே நேர் எதிரில் விளக்கு வைத்தால் தொழிலே நாசம். ஒரே ஒரு ஜன்னல், பக்கவாட்டு வெளிச்சம், துணியைத் தடவிக்கொண்டு போவதுபோல. இஸ்திரி போட்டுக் கொடுக்கிறேன் என்பார் கடைக்காரர். வேண்டாம் என்று கும்பிட்டுவிடுவேன்.

அடுத்தது நிறம். சேலை திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம், "படத்துல வேற கலர்." அரக்குச் சிவப்பில்தான் பெரிய சிக்கல். கேமராவின் மொத்த மீட்டர் சரி என்று காட்டும். ஆனால் சிவப்புச் சேனல் மட்டும் தனியாக நிரம்பி வழிந்திருக்கும். புள்ளியும் மடிப்பும் கரைந்து துணி வெறும் சிவப்புத் திட்டாகிவிடும். மூன்று நிறத்தையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, வெளிச்சத்தை அரை ஸ்டாப்பாவது குறைக்க வேண்டும். மலிவு எல்இடியில் அடர்சிவப்பு குறைவு என்பதால் காலை நிழல் வெளிச்சமே உத்தமம். சாம்பல் அட்டை வைத்து நிறம் சரிபார்த்தாலும், வாங்குகிறவர் செல்போன் திரை எப்படியிருக்கும் என்று நமக்கென்ன தெரியும்? அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். சேலை முந்தியின் ஓரத்தில் ஒரு முழம் மல்லிகைச் சரம் கிடக்கும். அலங்காரத்துக்கு என்று கடைக்காரர் நினைத்துக்கொள்கிறார். மல்லிகையின் வெள்ளை எப்படியிருக்கும் என்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியும்; திரை நீலம் அடித்தாலும் மஞ்சள் அடித்தாலும், அந்த வெள்ளையை வைத்து அவர் கண் சிவப்பைத் தானே சரிசெய்துகொள்ளும்.

ஓட்டல் வேலையில் தேடல் இன்னும் நேரடியானது. டெலிவரி ஆப்பில் விரல் வேகமாகத் தள்ளிக்கொண்டு போகிறவர் ஆவியையும் பின்னணி மங்கலையும் பார்ப்பதில்லை. எவ்வளவு வரும் என்று பார்க்கிறார். கறி தோசையை மேலிருந்து எடுத்தால் வட்டம் மட்டும் தெரியும், கறியின் கனம் தெரியாது. சாய்வாக, விளிம்பு தெரிய எடுக்கவேண்டும். ஜிகர்தண்டாவில் அடியில் பாதாம் பிசின், நடுவில் பால், மேலே ஐஸ்கிரீம் என்று அடுக்கு தெரிவதற்குக் கண்ணாடி டம்ளருக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரவேண்டும். பரோட்டாவின் பளபளப்பு கல்லை விட்டு இறங்கிச் சில நிமிஷத்தில் செத்துவிடும். ஆகவே மேஜை, வெளிச்சம், கோணம் எல்லாவற்றையும் நேற்றைய பரோட்டாவை வைத்துத் தயார் செய்துவிட்டு, கடைசியில் மாஸ்டருக்குக் குரல் கொடுப்பேன்: "அண்ணே, இப்ப போடுங்க!"

பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் இருவர் கண் சிமிட்டலை ஆராய்ந்து, 20 பேருக்குள் இருந்தால் நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து அத்தனை படம் எடுங்கள், வெளிச்சம் மோசம் என்றால் இரண்டால் வகுங்கள் என்றார்கள். எல்லாக் கண்ணும் திறந்த ஒரு படமாவது கிடைக்குமாம். 2006-இல் அதற்கு இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள். எங்கள் வகுப்புகளில் 50 பிள்ளைகள், கணக்கு தாங்காது. எத்தனை எடுத்தாலும் யாராவது ஒருவன் கண் மூடியிருப்பான். அவன் அம்மா அந்தப் படத்தில் மற்ற 49 பேரையும் பார்க்கமாட்டாள். எனவே ஸ்டாண்டை அசைக்காமல் வரிசையாக எடுத்து, அவன் முகத்தை மட்டும் அடுத்த படத்திலிருந்து ஒட்டிவிடுவேன். அதில் எனக்குக் குற்ற உணர்வு எதுவுமில்லை.

அதே ஒட்டுவேலை கோர்ட்டுக்குப் போகிற படத்தில் நடந்தால் வழக்கே போய்விடும். பொதுச் சுவர், அடைத்த வாய்க்கால், விபத்தான வண்டி. இங்கே பார்க்கப்போவது நீதிபதி. அவருக்கு முன்னால் எதிர்த்தரப்பு வக்கீல். அகல லென்ஸ் கூடாது. மூன்றடிச் சந்து ஆறடியாகத் தெரியும். சுவரோடு டேப்பை விரித்துப் பிடித்து, எண் தெரிய ஒன்று. அதே இடத்தைத் தூரத்திலிருந்து ஒன்று. நிறம், வெளிச்சம் எதையும் தொடாமல், மெமரி கார்டை அப்படியே எடுத்துவைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் 63-ஆம் பிரிவில் கேட்கிற சான்றிதழில் கோப்பின் ஹாஷ் எண்ணும் எழுதவேண்டும். ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும்.

எல்லாவற்றிலும் கனமான வேலை, படத்திறப்புக்குப் பெரியவர் படம் தயார் செய்வது. ராத்திரி கதவைத் தட்டுவார்கள். கையில் வாக்காளர் அட்டை, இல்லையென்றால் பேரன் கல்யாண ஆல்பத்தில் பந்தி ஓரத்தில் பாதி முகம். "அண்ணே, அப்பாவுக்குத் தனியா படமே இல்லண்ணே. பளிச்சினு செஞ்சு குடுங்க." பளிச்சென்று செய்வது இப்போது ஒரு பொத்தான் வேலை. ஏஐ மென்பொருள் சுருக்கத்தை அழித்து, புருவத்தைத் திருத்தி, இல்லாத பல்லையும் முளைக்க வைத்துவிடும். மகனுக்குப் பிடிக்கும். ஆனால் அந்தப் படத்தை அன்றாடம் விளக்கேற்றிப் பார்க்கப்போவது அப்பத்தா. அவளுக்கு அவர் இடது புருவத்து வெட்டுத் தழும்பும், வெற்றிலைக் காவியும், காதோர மயிரும் தெரியும். அவை இல்லையென்றால் அது வேறு யாரோ. சட்டையை மாற்றுவேன், பின்னணியை மாற்றுவேன், தோளில் துண்டு போட்டுக் கொடுப்பேன். முகத்தில் கை வைப்பதற்கு முன், முடிந்தால் அப்பத்தாவிடமே திரையைக் காட்டிவிடுவேன். "அந்த மச்சம் எங்கப்பா?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

மதுரைக்கு வந்த முதல் பெரிய போட்டோகிராபர்களில் ஒருவர் லினேயஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசு சம்பளம் கொடுத்து வைத்திருந்த படைத்துறைக் கேப்டன். 1858-இல் வெளியான அவருடைய மதுரைப் படங்களில் நாயக்கர் மகாலும் புதுமண்டபமும் தூண் தூணாகத் துல்லியமாக நிற்கின்றன; ஆட்களைத் தேடத்தான் வேண்டும். காகித நெகட்டிவுக்கு நேரம் பிடிக்கும், நடமாடுகிறவர்கள் பதியமாட்டார்கள் என்பது ஒரு காரணம். கட்டடத்தின் பதிவு வேண்டும் என்று கேட்ட அரசுக்கு ஆள் தேவைப்படவில்லை என்பது இன்னொன்று. அவர் படத்தைப் பார்க்கப்போகிறவர் யார் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. பின்னால் வந்த கவர்னர் ட்ரெவெலியன் செலவு அதிகம் என்று அந்த ஏற்பாட்டையே நிறுத்திவிட்டார். பேரம் பேசும் வாடிக்கையாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் ட்ரைப்பை நினைத்து ஆறுதல்பட்டுக்கொள்வேன்.

காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் யாருடையது என்பதில் எங்கள் தொழிலில் ஓயாத சண்டை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. பல நண்பர்களுக்கு இது கசக்கிறது. எனக்குக் கசக்கவில்லை. என் இணையப் பக்கத்தில் போட விரும்புகிற படத்துக்கு முன்பணம் வாங்கும்போதே எழுதிக் கேட்டுக்கொள்கிறேன், மறுத்தால் போடுவதில்லை. வீட்டுப் பெண்ணின் முகம் என் விளம்பரமாக வேண்டுமா என்று முடிவு செய்வது அந்த வீடு.

எல்லார் கையிலும் நல்ல கேமரா உள்ள செல்போன் வந்துவிட்ட பிறகு உங்களுக்கு என்ன வேலை என்று அடிக்கடி கேட்கிறார்கள். விசேஷ வீட்டில் நூறு பேர் படம் எடுக்கிறார்கள், உண்மைதான். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்ததை எடுக்கிறார். தோழிகள் பெண்ணை எடுப்பார்கள், தம்பி தன்னையே எடுப்பான். கடைசி வரிசையில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருக்கும் பெரிய மாமாவை யாரும் எடுப்பதில்லை. ஆறு மாதம் கழித்து அவர் படம் தேவைப்படும்போது எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். அந்த மண்டபத்தில் தனக்காகப் படம் எடுக்காத ஒரே ஆள் நான்.

அதனால் என்னிடம் லைட் பிடிக்கச் சேருகிற பையன்களுக்கு முதலில் கேமரா கொடுப்பதில்லை. மண்டபத்துக்குள் போய், பெண் வீடு எது, மாப்பிள்ளை வீடு எது, தாய்மாமன் யார், நாத்தனார் யார், பேச்சு வார்த்தை இல்லாத பங்காளி யார் என்று விசாரித்துவிட்டு வரச் சொல்கிறேன். இரண்டு முகூர்த்தத்தில் சிலர் ஓடிவிடுகிறார்கள். நிற்கிறவர்களுக்கு அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் சொல்லிக்கொடுக்க ஒரு மதியம் போதும்.